வாடிக்கையாளருக்கு மனம் நோகாமல் விடைகொடுப்பது எப்படி?

(அருப்புக்கோட்டையில் சுயதொழில் செய்வோருக்காக நடந்த கூட்டம் ஒன்றில், தையல் கடை நடத்திவரும் பெண் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



காலையிலிருந்து நல்ல விஷயங்கள் நிறையக் கேட்டோம். கடன் எங்கே கிடைக்கும், பதிவு எப்படிச் செய்வது, வாடிக்கையாளரைச் சேர்ப்பது எப்படி என்றெல்லாம் பேசினார்கள். என்னை மட்டும், “சேர்ந்த வாடிக்கையாளரை அனுப்புவது எப்படின்னு நீங்க பேசுங்க” என்று சொல்லிவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார்கள். “கடை தேடி வர்ற மகாலட்சுமியை வேண்டாம்னு சொல்லலாமா?” என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். அதனால் ஒரு தப்பு செய்தேன். அதிலிருந்து தொடங்குகிறேன்.

620 ரூபாய்

நம்ம பக்கம் எப்படிப்பட்ட பூமி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல், மானாவாரி. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து விதைப்போம். தை, மாசியில்தான் வெள்ளாமை வீடு வரும். பருத்தி, மல்லி, மிளகாய் என்று எதுவானாலும் காசைக் கண்ணில் பார்க்க மாசி பங்குனி ஆகிவிடும். ஆனால் தீபாவளி ஐப்பசியிலேயே வந்துவிடுகிறதே! பிள்ளைகளுக்குத் துணி எடுக்காமல் இருக்க முடியுமா? அதனால் தீபாவளிக்குத் துணி, மாசிக்குக் காசு என்பது நம்ம ஊரில் எந்தத் தொழிலுக்கும் பழகிய கணக்கு.

2016 தீபாவளிக்கு, திருச்சுழி தாண்டி நரிக்குடி போகிற பக்கத்திலிருந்து ஒரு அம்மா துணி கொண்டுவந்தார்கள். லைனிங் இல்லாத ஜாக்கெட் நாலு, தலைக்கு 80 ரூபாய். பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை ரெண்டு செட், செட்டுக்கு 150. மொத்தம் 620 ரூபாய். “மாசியில தந்துருறேன் தாயி” என்றார்கள். நாலைந்து வருஷமாக அப்படித்தான் தந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். தீபாவளி முடிந்த சில நாளில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். வடகிழக்குப் பருவமழையும் பொய்த்துப்போனது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. மாசியில் அந்த அம்மா வந்தபோது கையில் காசு இல்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஒரே ஒரு ஜாக்கெட் துணி கொண்டுவந்திருந்தார்கள். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் அன்றைக்கு வாடகை கொடுக்க வேண்டிய நாள். “பழைய பாக்கியை முதல்ல குடுங்க, அப்புறம் புதுத் துணியைப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. துணியை மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

அடுத்த வருஷம் மாசியில் ஒரு பையன் வந்தான். “அம்மா குடுக்கச் சொன்னாங்க” என்று ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தான். உள்ளே 620 ரூபாய். ஒரு ரூபாய் குறையவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் என்னிடம் துணி கொடுக்கவில்லை.

அதே காலத்தில் டவுனில் வசதியான வீட்டு அக்கா ஒருத்தர் என்னிடம் தைத்துக்கொண்டிருந்தார்கள். காசு கையோடு கொடுத்துவிடுவார்கள். அதனால் நல்ல வாடிக்கை என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஜாக்கெட்டையும் இரண்டு தடவையாவது பிரித்துத் தைக்கச் சொல்வார்கள். முதல் நாள் “கை டைட்டா இருக்கு” என்பார்கள், மறுநாள் “தொளதொளன்னு இருக்கு” என்பார்கள். அளவு ஜாக்கெட்டை அவர்களே மாற்றிக் கொடுத்துவிட்டு, நான் அளவு தப்பாக வெட்டிவிட்டேன் என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சொல்வார்கள். இரவு பத்து மணிக்கு போன் வரும்.

அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வைத்துக்கொள்ள வேண்டிய ஆளை அனுப்பிவிட்டேன், அனுப்ப வேண்டிய ஆளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நோட்டு

கோபத்தில் யாரையும் அனுப்பாதீர்கள். நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் அன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அடிக்கடி வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அதில் மூன்றே மூன்று விஷயம்: பணம், நேரம், மரியாதை.

நேரத்தைத்தான் நாம் யாரும் எழுதுவதில்லை. எழுதிப் பாருங்கள், அசந்துபோவீர்கள். அப்போது லைனிங் ஜாக்கெட்டுக்கு என் கூலி 150 ரூபாய். லைனிங் துணி, நூல், ஹூக் எல்லாம் 45 ரூபாய் போக 105 மிச்சம். சாதாரணமாக எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 336 ரூபாய் கணக்கு. அந்த அக்காவின் ஜாக்கெட்டுக்குப் பிரித்துத் தைத்த நேரத்தையும் சேர்த்தால் ஐந்தரை மணி நேரம். அதே எட்டு மணி நேரத்துக்கு 153 ரூபாய்தான் நிற்கிறது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 224 ரூபாய். மெஷின், கரண்ட், வாடகை எல்லாம் நான் போட்டு, அதைவிடக் குறைவாகச் சம்பாதித்திருக்கிறேன்!

இப்போது 620 ரூபாய் அம்மாவின் பக்கத்தை எழுதிப் பார்த்தேன். பணம் தாமதம், ஆனால் வரும். நேரம் வீணாவதில்லை, தைத்ததை அப்படியே வாங்கிக்கொள்வார்கள். மரியாதைக்குக் குறைவே இல்லை. மழை இல்லாததால் கொடுக்க முடியாதவர் வேறு, இருந்தும் கொடுக்காதவர் வேறு. நம்ம மண்ணில் தொழில் செய்கிறவருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நான் இன்று சொல்லப்போகிற எதையும் முதல் வகை ஆளிடம் செய்யாதீர்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு வாய்ப்பு

நோட்டில் சிரமமான ஆட்கள் என்று ஐந்து பேர் தேறினார்கள். உடனே யாரையும் அனுப்பவில்லை. ஏனென்றால் தப்பு என் பக்கமும் இருந்தது. என் கடையில் எந்த விதிமுறையும் கிடையாது. கேட்டதற்கெல்லாம் “சரிக்கா, சரிக்கா” என்று தலையாட்டியிருக்கிறேன். சுவரில் ஒரு அட்டை மாட்டினேன். பாதிப் பணம் முன்பணம். சீட்டில் எழுதிய தேதியில்தான் துணி கிடைக்கும். ஏழு நாளுக்குள் ஒரு தடவை இலவசமாகச் சரிசெய்து தரப்படும், அதற்கு மேல் 30 ரூபாய். இரவு எட்டு மணிக்கு மேல் போன் எடுக்கப்படாது.

இதோடு வெள்ளாமை வீட்டுக்காரர்களுக்காக ‘மாசிக் கணக்கு’ என்று ஒரு பக்கம் தனியாக வைத்தேன். 500 ரூபாய் வரை, தேதி போட்டுக் கடன். மழை பொய்த்தால் தேதியை மாற்றி எழுதிக்கொள்வேன்.

ஆறு மாதத்தில் அந்த ஐந்து பேரில் மூன்று பேர் தானாகச் சரியாகிவிட்டார்கள். அவர்களுக்கு என் எல்லை எது என்று அதுவரை தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். மிஞ்சியது இரண்டு பேர். ஒருவர் அந்த டவுன் அக்கா. இன்னொருவர் எனக்கு மொத்தமாக நைட்டி தைக்கக் கொடுத்த ஒரு வியாபாரி.

என்ன சொல்வது, எப்போது சொல்வது

அந்த அக்காவிடம் 2018 ஆவணியில் சொன்னேன். காரணம் இருக்கிறது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒருவரைக் கைவிட்டால் அது பழிவாங்குவது போல. இன்னொரு தையல்காரரைத் தேடிக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருக்க வேண்டும். கையில் இருந்த இரண்டு ஜாக்கெட்டையும் நன்றாகத் தைத்து முடித்தேன். மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரமாக வரச் சொன்னேன். நான் சொன்னது இதுதான்:

“அக்கா, இத்தனை வருஷம் என்கிட்ட தச்சிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். நீங்க எதிர்பார்க்கிற ஃபிட்டிங்கை என்னால கொண்டுவர முடியல. உங்களுக்கும் அலைச்சல், எனக்கும் வேலை தேங்குது. இந்த ரெண்டோட நான் நிறுத்திக்கிறேன்க்கா. தீபாவளித் துணியை வேற இடத்துல குடுத்துக்கோங்க. உங்க அளவு ஜாக்கெட்டு, மிச்சப் பிட்டுத் துணி எல்லாம் இந்தப் பைல இருக்கு.”

அவர்கள் முகம் மாறியது. “நான் என்ன பண்ணிட்டேன் உன்னை? காசு பாக்கி வச்சேனா?” என்றார்கள். இங்கேதான் நாம் வழுக்கி விழுவோம். பழைய கதையெல்லாம் எடுத்துப் பேசத் தோன்றும். பேசாதீர்கள். நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன்: “காசுல ஒரு குறையும் இல்லக்கா. என்னால முடியல, அதான்.”

இதில் நான் கற்றுக்கொண்டதை உங்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

பொய் சொல்லாதீர்கள். “கை வலி, தைக்கிறதில்ல” என்று சொல்லிவிட்டு மறுநாள் அடுத்த வீட்டுக்குத் தைத்தால், சாயங்காலத்துக்குள் புது பஸ் ஸ்டாண்டு வரை செய்தி போய்விடும். இது சின்ன ஊர்.

அவர்கள் குணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். “நீங்க ரொம்பத் தொந்தரவு” என்பது சண்டை. “என்னால முடியல” என்றால் அதில் வாதாட ஒன்றும் இல்லை.

“கூலி ரெண்டு மடங்கு” என்று சொல்லி விரட்டப் பார்க்காதீர்கள். சில பேர் “சரி” என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் இரண்டு மடங்கு தொந்தரவு.

வேறு ஒருவர் பெயரைச் சொல்வதென்றால் முதலில் அவரிடம் கேளுங்கள். நான் ஒரு தையல் கடைக்காரரிடம் போய், “அந்த அக்காவுக்கு ஃபிட்டிங் ரொம்ப முக்கியம், ரெண்டு தடவை ட்ரயல் பாக்கணும், அதுக்கேத்த கூலி சொல்லிக்கோங்க” என்று உண்மையைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் அக்காவிடம் பெயரைச் சொன்னேன்.

கடைசியாக, அவர்கள் போன பிறகு அவர்களைப் பற்றி அடுத்த வாடிக்கையாளரிடம் பேசாதீர்கள். கேட்கிறவர், “நம்மளப் பத்தியும் இப்படித்தான் பேசுவா போல” என்று நினைத்துக்கொள்வார்.

சொந்தக்காரர் என்றால் இன்னும் கஷ்டம். மதினியிடம் “நிறுத்திக்கிறேன்” என்று எப்படிச் சொல்வது? வருஷத்துக்கு இரண்டு துணி மட்டும், அதுவும் என் சீராகத் தைத்துத் தருகிறேன் என்று எண்ணிக்கை சொல்லிவிட்டேன். மற்றதற்கு அட்டையில் இருக்கிற கூலி. உறவும் நிற்கிறது, கடையும் நடக்கிறது.

பிறத்தியார் பொருள் நம் கையில் இருந்தால்

சண்டை வந்தால் நாம் முதலில் செய்வது என்ன? “காசு குடுத்தாத்தான் துணி” என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது. இதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது தெரியுமா? 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு. ஒரு பொருளில் உழைப்பையும் திறமையையும் போட்டு வேலை செய்தவர், வேறு மாதிரிப் பேச்சு இல்லாத வரை, கூலி வரும்வரை அந்தப் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். இதற்கு அந்தச் சட்டத்திலேயே இரண்டு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று வைரத்துக்குப் பட்டை தீட்டும் நகைக்காரர். இன்னொன்று யார் என்கிறீர்கள்? நம்ம ஆள், தையல்காரர்!

நகைக்காரர் கூலி வரும்வரை வைரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தையல்காரர், “தைத்து முடித்ததும் கோட்டைத் தந்துவிடுகிறேன், கூலியை மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள்” என்று ஒத்துக்கொண்டவர். அதனால் அவர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. புரிகிறதா? “மாசியில குடுங்க” என்று வாயால் சொல்லிவிட்டால், துணியைப் பிடித்து வைக்கும் உரிமை அப்போதே போய்விட்டது. உரிமை இருந்தாலும் வைத்துக்கொள்ளத்தான் முடியும், இந்தப் பிரிவைச் சொல்லி விற்க முடியாது.

காகிதங்களில் இன்னும் கவனமாக இருங்கள். ஜெராக்ஸ் கடை, கணக்கு எழுதுகிறவர்கள், விண்ணப்பம் பூர்த்தி செய்து தருகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வழக்கறிஞர்கூடக் கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியிருக்க, ஒருவருடைய ரேஷன் கார்டையும் பட்டாவையும் நாம் மேஜையில் வைத்துப் பூட்டலாமா? காகிதத்தை முதலில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கியைத் தனியாகக் கேளுங்கள்.

இ-சேவை மையம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. நான் தையலை நிறுத்தினால் அந்த அக்காவுக்கு இன்னொரு கடை இருக்கிறது. நீங்கள் கொடுப்பது அரசின் சேவை. நாலு தடவை சந்தேகம் கேட்கிறார், கோபமாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை வர வேண்டாம் என்று சொல்ல முடியாது. வயதானவர், கைரேகை பதியாதவர் எல்லாம் சிரமமான வாடிக்கையாளர் ஆகமாட்டார்கள். ஆனால் தப்பான காகிதத்தை ஏற்றச் சொன்னால், அந்த வேலையை மட்டும் மறுங்கள். “இதை நான் ஏத்த முடியாதுங்கய்யா, சரியான சான்று கொண்டுவாங்க, உடனே போட்டுத் தர்றேன்” என்று சொல்லுங்கள்.

மொத்த ஆர்டர் கொடுத்தவர்

இனி அந்த வியாபாரி. 300 நைட்டி, ஒன்றுக்கு 25 ரூபாய், மொத்தம் 7,500. சரக்கை எடுத்துப் போனவர் “அடுத்த வாரம், அடுத்த வாரம்” என்றே நாலு மாதம் ஓட்டினார். பாக்கி வராமல் போய்விடுமோ என்ற பயத்திலேயே அடுத்த ஆர்டரையும் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தேன். பாக்கிதான் என்னைக் கட்டிப் போட்டிருந்தது.

இதற்குச் சட்டம் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில் செய்பவரிடம் வேலை வாங்கினால், எழுத்தில் பேசிய தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். அந்தத் தேதியும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இணையதளம் வழியாக மனுப் போடலாம். உத்யம் பதிவுக்குக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவு செய்து வையுங்கள், பின்னால் சிக்கல் வராது. விவரத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

நான் அவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில் எத்தனை உருப்படி கொடுத்தேன், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி. கீழே, “இனிமேல் புது ஆர்டர் எடுப்பதற்கில்லை. உங்கள் துணி மீதம் 11 மீட்டர் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்” என்று எழுதி, இன்னொரு பிரதியில் அவர் கையெழுத்தை வாங்கினேன். அந்தக் கையெழுத்து முக்கியம். செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. கெடுவுக்குள் பாக்கியை ஒத்துக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் கிடைக்கும். எனக்கு மூன்று தவணையில் பணம் வந்துவிட்டது.

வராவிட்டால் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. வேலை கொடுக்கிற சாக்கில் தப்பாகப் பேசுகிறவன், இரவில் வேண்டாத செய்தி அனுப்புகிறவன், இவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பக்குவம் எதுவும் வேண்டாம். அன்றைக்கே நிறுத்துங்கள். செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு 181-க்கு போன் செய்யுங்கள்.

என்ன ஆனது?

அந்த அக்காவை அனுப்பியதும் அவர்கள் தெருவிலிருந்து மூன்று வீடு நின்றுவிட்டது. அந்தத் தீபாவளிக்கு எனக்கு வருமானம் குறைவுதான். மறைக்கவில்லை. ராத்திரி தூக்கம் வராமல், செய்தது சரிதானா என்று புரண்டிருக்கிறேன். கார்த்திகைக்குப் பிறகு அதில் ஒரு வீடு திரும்பி வந்தது. மிச்சமான நேரத்தில் திருச்சுழிப் பக்கத்து ஊர்களுக்குத் தைக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு மாசிக் கணக்கில் 23 வீடு இருக்கிறது. அந்த அக்காவை ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். நானே போய் “நல்லாருக்கீங்களாக்கா?” என்றேன். கையைத் தூக்கிக் காட்டி, “நீ சொன்ன ஆளுதான் தச்சாரு, பரவாயில்ல” என்றார்கள்.

620 ரூபாய் அம்மா மட்டும் வரவில்லை. ஒருமுறை திருச்சுழி கோயிலுக்குப் போனபோது அவர்களைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்றேன். “அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி” என்று சிரித்தார்கள். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்கள்.

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் நீங்களும் ஒரு நோட்டை எடுத்து எழுதிப் பாருங்கள். யாரை அனுப்புவது என்று முடிவு செய்வதற்கு முன், யாரை அனுப்பக் கூடாது என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.